மெய்க்கு அரை மாத்திரை

காலை ஐந்தரைக்கு எழுவேன். மோட்டார் சுவிட்சைப் போடுவேன். தொட்டி நிறைய இருபது நிமிடம் ஆகும். அதற்குள் பால் காய்ச்சி, குப்பையை வாசலில் வைத்து, முகச்சவரம் செய்துவிடுவேன். ஆறு மணிக்கு முப்பிடாதி மொட்டைமாடியிலிருந்து இறங்கி வருவாள். இரவு முழுவதும் விழித்திருந்தவள். துணி மடித்திருப்பாள், மாவு அரைத்திருப்பாள், ஒரு புத்தகம் முடித்திருப்பாள். இருவரும் காபி குடிப்போம். ஏழரைக்கு இட்லி. எனக்கு அது காலைச் சாப்பாடு, அவளுக்கு ராத்திரிச் சாப்பாடு. எட்டரைக்கு அவள் பல் தேய்த்து, முகம் கழுவி, முடியைத் தளர்வாகப் பின்னிக்கொள்வாள். ஜன்னல் திரையை இழுத்துவிடுவாள். எட்டே முக்காலுக்கு மாத்திரை. ஒன்பது மணிக்கு, தெருவில் எல்லோரும் வேலைக்குக் கிளம்பும்போது, என் மனைவி தூங்கப் போவாள்.

அதுதான் அவள் வேலை.

என் பெயர் இசக்கிராஜ். பி.இ. முடித்துவிட்டு, கங்கைகொண்டான் பக்கம் காற்றாலைகளைப் பழுது பார்க்கிறேன். முப்பிடாதி என் அத்தை மகள். பாளையங்கோட்டையில் ஓர் உதவி பெறும் பள்ளியில் ஆறு முதல் எட்டு வரை தமிழ் நடத்தினாள். கல்யாணமான இரண்டாம் வருடம், ஐப்பசி மழையில், ஊர் முழுக்க ஒரு காய்ச்சல் வந்தது. எனக்கு வந்து மூன்று நாளில் போய்விட்டது. அவளுக்கும் மூன்று நாளில் போய்விட்டது. போகும்போது தூக்கத்தையும் கூட்டிக்கொண்டு போய்விட்டது.

டாக்டர்கள் வைத்த பெயர் நீளமானது. ஜனங்கள் முழிப்புக் காய்ச்சல் என்றார்கள். ஆயிரத்தில் ஒருவருக்கு அப்படி ஆனது. பிறகு ஆயுளுக்கும் தானாகத் தூக்கம் வராது. இருபது நாள் தாண்டினால் இதயம் நின்றுவிடும். அதற்குச் சயனில் என்று ஒரு மாத்திரை இருந்தது. போட்டால் ஏழு மணி நேரம் தூக்கம். தினமும் ஒன்று.

ஒரு மாத்திரையின் விலை என் மூன்று நாள் சம்பளம்.

முருகன்குறிச்சியில் மருந்துக்கடை வைத்திருக்கும் ஞானதுரை அண்ணாச்சியிடம் இருவரும் போனோம்.

“விலையக் கொறைக்க வழியே இல்லையா அண்ணாச்சி?”

“வழியா? நாலு இருக்கு, கேட்டுக்கோ. ஒண்ணு, வேற கம்பெனிக்காரன் இதே மருந்தப் போடணும். உரிமம் முடிய இன்னும் பதினோரு வருசம் கெடக்கு. ரெண்டு, கவர்மெண்ட் ஆஸ்பத்திரி. பட்டியல்ல இன்னும் சேக்கல. மூணு, இன்சூரன்ஸ்.”

“தூக்கம் வராதது வியாதி இல்லங்காங்க.”

“அவனுவ எதத்தான் வியாதிங்கான்? பொணத்தக் கொண்டு காட்டுனாலும், இது முன்னாலயே இருந்ததாம்பான்.” அண்ணாச்சி சிரிக்கவில்லை. “நாலு, கம்பெனிக்கே போனப் போட்டுக் கேளு. முடியாதவங்களுக்குக் கொறச்சுக் குடுக்க ஒரு ஏற்பாடு இருக்குன்னு சொல்லுதாவோ. யாருக்கும் கெடச்சு நான் பாக்கல.”

“அஞ்சாவது ஒண்ணு விட்டுட்டீங்களே. ஒடைச்சுப் பாதி பாதியாப் போட்டா?” என்றாள் முப்பி.

அண்ணாச்சி கண்ணாடியைக் கழற்றினார்.

“தாயி, அத மட்டும் செஞ்சிராத. இந்த மாத்திரைக்கு மேல ஒரு தோடு, உள்ள ஒரு பருப்பு. தோடு ஒன்னத் தூங்க வைக்கும். பருப்பு ராவெல்லாம் ஒன் மூச்ச எண்ணிக்கிட்டே கெடக்கும். ஒடைச்சா எந்தப் பாதியில எவ்வளவு பருப்பு நின்னுதுன்னு ஆண்டவருக்குத்தான் தெரியும். பாதி மாத்திரைன்னா பாதித் தூக்கம் இல்ல, பாதி முழிப்பு. அரை நெனவா எல்லாம் காதுல கேட்டுக்கிட்டுக் கெடப்ப. மூச்சு நிக்கது மட்டும் தெரியாது.”

நாலாவது வழியை நான் செய்து பார்த்தேன். ஒரு மதியம், காற்றாலையின் அடியில் நின்று, கம்பெனிக்குப் போன் செய்தேன். ஓர் ஆண் குரல். நோய், சம்பளம், எல்லாம் சொன்னேன். “மன்னிக்கவும். தங்கள் கோரிக்கை நிராகரிக்கப்படுகிறது. வேறு ஏதேனும் உதவி வேண்டுமா?” என்றது. “இல்லங்க, பரவால்லங்க” என்று வைத்துவிட்டேன். ஒருவரிடம் விலையைக் குறைக்கச் சொல்லி நான் கெஞ்சியது அதுதான் முதல் தடவை. காது வெகுநேரம் சூடாக இருந்தது.

எட்டு மாதம் முழு விலைக்கு வாங்கினோம். நகை போனது. ரெட்டியார்பட்டியில் அத்தை கொடுத்திருந்த மனை போனது. ஒன்பதாம் மாதம் ரெஜினா வந்தார்.

ரெஜினா கம்பெனியின் சலுகைத் திட்ட அலுவலர். தூத்துக்குடிக்காரர், முப்பது வயது இருக்கும். பையிலிருந்து கடுகு அளவில் ஒரு காது மணியும், தொண்டையில் ஒட்டுகிற ஒரு பட்டையும் எடுத்து மேசையில் வைத்தார்.

“சட்டம் வந்துச்சுல்ல சார், ஜனங்க குறை சொல்லக் கூப்புட்டா மெஷின் பதில் சொல்லக்கூடாதுன்னு. மெஷின் பேசுனா எல்லாரும் போன வீசி எறியுறாங்க. எல்லாத்துக்கும் ஆள் வச்சா கட்டுபடியாகல. எங்க மாத்திரையில ஒரு விசேஷம் இருக்கு. மூளை தூங்கும், வாய் தூங்காது. காதுல மெஷின் சொல்லுறத வாய் அப்படியே திருப்பிச் சொல்லும். அவங்க சொந்தக் குரல்ல, அழகா.”

“தூங்குறவ பேசுறது மனுசப் பேச்சு ஆயிருமா?” என்று கேட்டேன்.

“சட்டத்துல ‘மனித வாய்’னுதான் சார் எழுதிருக்கு. முழிச்சிருக்கணும்னு எழுதல.”

முப்பி சத்தமாகச் சிரித்தாள். “எங்க ஆறாங்கிளாஸ் பிள்ளையளே இதவிடத் தெளிவா எழுதும்.”

“தினமும் காலை ஒன்பதரைல இருந்து நாலரை வரைக்கும் மேடம். கரண்டு, கேஸ், பேங்கு, எங்க கம்பெனின்னு எல்லா அழைப்பும் வரும். உங்களுக்கு ஒண்ணும் தெரியாது, நிம்மதியாத் தூங்கிட்டு இருப்பீங்க. மாத்திரை அஞ்சுல ஒரு பங்கு விலைக்கு. மூணு வருச ஒப்பந்தம். அதுக்குள்ள வேற எந்தச் சலுகையும் கம்பெனிகிட்டக் கேக்கக் கூடாது.”

“ஒன்பதரைக்கு ஸ்கூல்ல இருப்பேனே.”

ரெஜினா பையின் ஜிப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

முப்பி வேலையை விட்டாள். கடைசி நாள் வகுப்பில் ஒருத்தி கேட்டாளாம், “டீச்சர், தூங்குறதுக்கா காசு குடுக்காங்க?” “ஆமாட்டி. நீங்கல்லாம் என் வகுப்புல ஓசியில தூங்குனீங்க. நான் கூலிக்குத் தூங்கப் போறேன்” என்றாளாம். இதை என்னிடம் சொல்லிச் சிரித்துவிட்டு, பிறகு மாடிக்குப் போய்விட்டாள்.

ஆடியில் காற்று அதிகமாகி ஒருநாள் மேலே ஏற வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். நான் வீட்டில் இருந்தேன். அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தேன்.

ஒருக்களித்துப் படுத்திருந்தாள். கண் மூடியிருந்தது. முகத்தில் ஒன்றும் இல்லை. உதடுகள் மட்டும் அசைந்தன.

“வணக்கம். தங்கள் அழைப்பு எங்களுக்கு முக்கியமானது. தங்களுக்கு எவ்வாறு உதவலாம்?”

அவள் குரல்தான். ஆனால் அவள் வாயிலிருந்து ‘தாங்கள்’ என்ற சொல்லை நான் கேட்டதே இல்லை. பாடம் நடத்தும்போதுகூட நெல்லைப் பேச்சுதான். பக்கத்தில் உட்கார்ந்து, “ஏட்டி முப்பி” என்றேன்.

“மன்னிக்கவும். தங்கள் குரல் தெளிவாகக் கேட்கவில்லை” என்றாள்.

எனக்குச் சொன்னது இல்லை. போனின் மறுமுனையில் யாருக்கோ சொன்னது. எனக்கு அது தெரியும். எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டேன்.

அவள் காலையிலேயே கேட்டிருந்தாள், “நான் என்ன உளறுதேன்னு எழுதி வைங்க அத்தான்” என்று. எழுதி வைத்தேன். நான்கு பக்கம். சாயங்காலம் எழுந்தவள் சிவப்புப் பேனாவை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தாள். விடைத்தாள் திருத்துகிற அதே உட்காரல். சந்திப் பிழைகளைச் சுழித்தாள். அவை என் பிழைகள். பிறகு ஒரு வரியில் நின்றாள்.

“‘சயனில் விலைக் குறைப்புக்கான தங்கள் கோரிக்கை நிராகரிக்கப்படுகிறது.’ இதுல எழுவாய் எங்க அத்தான்?”

“கோரிக்கைதான் எழுவாய்.”

“அது அடி வாங்குறது. அடிக்கிறவன் எங்க? யார் நிராகரிக்கா? ஆளையே காணோம். வினை மட்டும் அந்தரத்துல நிக்கு.”

“செயப்பாட்டு வினைன்னா அப்படித்தானே.”

“அப்படித்தான். ஆளு ஒளிஞ்சுக்கிட நல்ல எடம்.” பக்கத்தைப் புரட்டினாள். “இது எத்தன தடவ வந்துது?”

“நான் எழுதுனது பதினாலு.”

பேனாவை மூடினாள்.

“யாரெல்லாம் கேட்டா?”

“ஒன் பக்கம் மட்டுந்தானே எனக்குக் கேக்கும்.”

“நம்மள மாதிரி பதினாலு வீடு. பதினாலு பேத்துக்கும் முடியாதுன்னு சொல்லிட்டு எந்திரிச்சு வந்து தோச திங்கேன்.”

“நீயா சொல்லுத? மெஷின் சொல்லுது.”

“வாய் யாருது அத்தான்?”

“வுட்டுட்டுப் பேசாம சாப்பிடு” என்றேன். சாப்பிட்டாள்.

ஒரு வாரம் கழித்து, ஒரு திங்கட்கிழமை, எட்டே முக்கால். நான் ஷூவுக்கு லேஸ் கட்டிக்கொண்டிருந்தேன். அவள் மாத்திரை அட்டையோடு அறை வாசலில் நின்றாள்.

“அத்தான், மெய்யெழுத்துக்கு எத்தன மாத்திரை?”

“குறில் ஒண்ணு, நெடில் ரெண்டு, மெய் அரை.”

“பரவால்லயே, மறக்கல. அப்ப என் மெய்க்கும் அரை மாத்திரை போதும்.”

சிரித்தேன். மெய் என்றால் எழுத்து, மெய் என்றால் உடம்பு, மெய் என்றால் உண்மை. மாத்திரை என்றால் கண்ணிமைக்கிற நேரம், மாத்திரை என்றால் மருந்து. இதையெல்லாம் வைத்து வகுப்பில் மணிக்கணக்கில் விளையாடுகிறவள். தமிழ் வாத்தியாரைக் கட்டியவன் சிலேடைக்குச் சிரித்துப் பழகியிருப்பான். அவள் எனக்கு ஒரு தகவல் சொல்கிறாள் என்று எனக்குத் தோன்றவில்லை. ஹெல்மெட்டை எடுத்துக்கொண்டு கிளம்பினேன்.

அன்றிலிருந்து பத்தொன்பது நாள். சாயங்காலம் எழும்போது அவள் தொண்டை கட்டியிருக்கும். சுக்குத் தண்ணீர் வைத்துக் கொடுத்தேன். கண்ணுக்குக் கீழே கறுத்திருந்தது. ஆனால் பேச்சு கூடியிருந்தது. பள்ளியை விட்டபின் காணாமல் போயிருந்த கிண்டலெல்லாம் திரும்பி வந்திருந்தது. என் மேலதிகாரியைப் போல நடந்து காட்டினாள். இரண்டு தட்டு சாப்பிட்டாள். உடம்பு தேறுகிறது, நன்றாகத் தூங்குகிறாள் என்று நினைத்தேன். அத்தைக்குப் போன் செய்து அப்படியே சொன்னேன்.

பத்தொன்பதாம் நாள் வெள்ளிக்கிழமை. நான் எண்பது மீட்டர் உயரத்தில் ஒரு பல்சக்கரத்தை மாற்றிக்கொண்டிருந்தேன். நான்கு மணிக்கு இறங்கிப் போனைப் பார்த்தேன். 2.41க்குக் கம்பெனியிலிருந்து ஒரு குறுஞ்செய்தி வந்திருந்தது. ‘தங்கள் இணைப்பில் ஒலி இல்லை. சாதனம் சரிபார்க்கப்பட வேண்டும்.’ காது மணி கழன்று விழுந்திருக்கும் என்று நினைத்தேன். டீ குடித்தேன். வழியில் பெட்ரோல் போட்டேன்.

வீட்டுக்கு வரும்போது மணி ஐந்து பத்து.

இதைப் பற்றி வேறு எழுத எனக்கு வரவில்லை.

மூன்றாம் நாள் அத்தை ரசம் வைக்கப் பெருங்காய டப்பாவைத் திறந்தாள். உள்ளே பாதி மாத்திரைகள். எண்ணினோம். பத்தொன்பது.

“காச மிச்சம் புடிக்கப் பாத்துருக்கு பிள்ள” என்றார் அண்ணாச்சி. “நான் படிச்சுப் படிச்சுச் சொன்னேனே.” அத்தையும் அதையே சொன்னாள். தெருவும் அதையே சொன்னது. நானும் அதையே நம்பினேன். என் சம்பளம் போதாமல் அவள் செத்தாள். நாற்பது நாள் அந்த வாக்கியத்தோடு இருந்தேன். அதற்கு எழுவாய் இருந்தது.

நாற்பத்தோராம் நாள் காலை ரெஜினா வந்தார். உட்காரச் சொன்னேன். உட்காரவில்லை. ஒரு சின்ன ஒலிப்பேழையையும் இரண்டு காகிதங்களையும் கையில் வைத்திருந்தார்.

“ஒப்பந்தத்துல ஒரு ஷரத்து இருக்கு சார். தூங்கும்போது அவங்க வாய் பேசுன வசனம் கம்பெனிக்குச் சொந்தம். எழுதிக் குடுக்காத ஏதாச்சும் பேசிருந்தா அது வாரிசுக்குச் சொந்தம். யாரும் இதுவரைக்கும் வாங்குனதில்ல. ஏன்னா யாரும் பேசுனதில்ல.”

“அவ பேசுனாளா?”

“பதினோரு நிமிசம் சார். பத்தொன்பது நாள்ல.”

முதல் காகிதம், அவள் வேலை முடிந்ததற்குக் கம்பெனி கொடுத்த சான்றிதழ். அதில் ‘இறுதியாகப் பதிவான வாசகம்: தங்கள் கோரிக்கை நிராகரிக்கப்படுகிறது’ என்று இருந்தது.

“அது வசனம் சார், அவங்க பேச்சு இல்ல. அத விடுங்க.” ரெஜினா உட்கார்ந்தார். “உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும். விலை கொறைக்க ஒரு ஏற்பாடு நெசமாவே இருக்கு. யாராச்சும் கேட்டா முதல் தடவ முடியாதுன்னு சொல்லணும். ரெண்டாந்தடவையும் முடியாதுன்னு சொல்லணும். அதே அழைப்புல மூணாந்தடவ கேட்டா, மேலாளருக்கு மாத்தணும். மேலாளர் பத்துல ஒரு பங்கு விலைக்குக் குடுத்தே ஆகணும். மருந்துக்கு அனுமதி வாங்குறப்ப அரசாங்கத்துக்கு எழுதிக் குடுத்த நிபந்தனை.”

“அது ஏன் மூணு?”

“வெளிநாட்டுல ஒரு கணக்கு. நெசமாத் தேவைன்னா ஜனங்க மூணு தடவ கேப்பாங்களாம். இங்க யாரும் கேக்கறதில்ல சார். ஒருக்கா முடியாதுன்னா, ‘சரிங்க, பரவால்லங்க’ன்னு வச்சிருவாங்க. நம்மளுக்கு ரெண்டாந்தடவ கேக்குறதுன்னா உசுரு போயிரும்ல.”

சான்றிதழை மடித்து வைத்தேன்.

“முழு மாத்திரை போட்டா காது மணியில என்ன வருதுன்னு தெரியாது. பாதி போட்டா கேக்கும். ‘மூன்றாம் முறை கேட்டால் மட்டும் மாற்றவும்’னு ஒவ்வொரு அழைப்புக்கும் மெஷின் அவங்க காதுல சொல்லிருக்கு. மேடம் அதக் கேட்டுட்டாங்க. தற்செயலாப் பாதி போட்டாங்களா, கேக்கணும்னே போட்டாங்களான்னு எனக்குத் தெரியாது சார்.”

எனக்குத் தெரியும். திங்கட்கிழமை வாசலில் நின்று என்னிடம் சொல்லிவிட்டுத்தான் போட்டாள்.

ரெஜினா பேழையை இயக்கினார். கூப்பிட்டவர்களின் குரலை நீக்கியிருந்தார்கள். வசனத்தையும் நீக்கியிருந்தார்கள். முப்பி மட்டும் இருந்தாள். நாக்கு தடித்து, ஒவ்வொரு சொல்லாகத் தூக்கி வைக்கிற பேச்சு. இடையிடையே வெறும் இடைவெளி.

“அழாதீங்கக்கா. மூணு தடவ கேட்டாத்தான் குடுப்பாங்க. மூணு.”

“திரும்பக் கேளுங்க. ஒரே மூச்சுல ரெண்டு தடவ கேட்டாலும் கணக்குத்தான்.”

“மாட்டேன்னது நான் இல்லம்மா. என் வாய்.”

“அண்ணாச்சி, சத்தம் போடாதீங்க. நான் தூங்கிட்டுல்லா இருக்கேன்.”

ரெஜினா லேசாகச் சிரித்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டார். நானும் சிரித்திருப்பேன் என்று நினைக்கிறேன். நினைவில்லை.

“நிராகரிக்கப்படுகிறதுன்னா மாட்டோம்னு அர்த்தம் பாட்டையா. பயப்படாதீங்க. வெறும் செயப்பாட்டு வினை.”

“மானம் போனாப் போகுது. கேளுங்க.”

பிறகு, ஒன்பதாம் நாள், யாரோ ஒரு பெண்ணிடம்:

“எங்க அத்தானும் ஒரு தடவதான் கேட்டாங்க. நம்ம ஆளுவ அப்படித்தான். அவங்களுக்குத் தெரிஞ்சா தாங்க மாட்டாங்க, அதான் சொல்லல. நீ கேளு பிள்ள. ரெண்டாந்தடவ.”

பேழையை நிறுத்தச் சொன்னேன்.

எங்களுக்கு அந்த வழி அடைத்துவிட்டது. ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்ட அன்றே அடைத்துவிட்டது. அவளுக்கு அது தெரிந்திருக்கும். காற்றாலையின் அடியில் நின்று நான் இன்னும் இரண்டு தடவை கேட்டிருந்தால், நகை இருந்திருக்கும், மனை இருந்திருக்கும், பள்ளி இருந்திருக்கும். ராத்திரி தூங்கியிருப்பாள். அதையும் கணக்குப் போட்டிருப்பாள். போட்டுவிட்டு, சாயங்காலம் எழுந்து வந்து என் மேலதிகாரியைப் போல நடந்து காட்டினாள்.

ரெஜினா சமையலறைக்குப் போய் அவரே தண்ணீர் எடுத்து வந்து கொடுத்தார்.

“கம்பெனிக்கு எப்படித் தெரிஞ்சுது?” என்று கேட்டேன்.

“இந்த மாவட்டத்துல மாசத்துக்கு ரெண்டு பேரு மூணு தடவ கேட்டா அதிகம். அந்தப் பத்தொன்பது நாள்ல நாப்பத்தேழு பேரு. அதுக்கப்புறந்தான் பதிவ எடுத்துக் கேட்டாங்க.”

“அந்த நாப்பத்தேழு பேருக்கும்?”

“குடுத்தாச்சு. வாபஸ் வாங்க முடியாது.” குரலைத் தாழ்த்தினார். வீட்டில் வேறு யாரும் இல்லை. “இப்ப விதிய மாத்திட்டாங்க சார். அரசாங்கத்துக்கிட்ட எழுதி வாங்கிட்டாங்க. அஞ்சு தடவ. நான் சொன்னேன்னு சொல்லிராதீங்க.”

சொல்லவில்லை. அண்ணாச்சியிடம் மட்டும், யார் சொன்னது என்று சொல்லாமல் சொன்னேன். அவர் சயனில் வாங்க வருகிறவர்களைக் கடைக்குள் கூப்பிட்டு, அவர் போனிலிருந்தே பேச வைக்கிறார். பக்கத்தில் நின்று விரலை மடக்கி எண்ணுகிறார். முக்கால்வாசிப் பேர் இரண்டில் நின்றுவிடுகிறார்கள் என்கிறார். அவர்கள் தோளைப் பிடித்து உலுக்க வேண்டியிருக்கிறதாம். இதைப் படிக்கிறவர்கள் வீட்டில் யாருக்காவது அந்தக் காய்ச்சல் வந்திருந்தால், ஐந்து முறை கேளுங்கள். காது சூடாகும். ஒன்றும் ஆகாது.

அன்று மீதிப் பதிவையும் கேட்டேன். ரெஜினா இரண்டாவது காகிதத்தைப் பார்த்து ஒவ்வொரு அழைப்பும் யாருடையது, அவர்கள் என்ன பேசினார்கள் என்று சொல்லிக்கொண்டே வந்தார்.

கடைசி அழைப்பு, வெள்ளிக்கிழமை, 2.38. புளியங்குடிக்காரர் ஒருவர். மகளுக்காகக் கேட்டார். முப்பியின் வாய் முடியாது என்றது. கொஞ்சம் பொறுத்து இன்னொரு தடவை கேட்டார். அவள் வாய் மறுபடியும் முடியாது என்றது. அவர், “சரிம்மா, வச்சிருதேன்” என்றார்.

அவர் வைக்கவில்லை. 2.41க்கு இணைப்பில் ஒலி நின்றபோது, மெஷின் அவரை வேறு ஊரில் தூங்கிக்கொண்டிருந்த வேறு யாருக்கோ மாற்றியது. அந்தக் குரலிடம் அவர் மூன்றாம் தடவை கேட்டார். அவர் மகளுக்கு மாத்திரை கிடைத்தது. இது ரெஜினா சொன்னது.

அவர் வைக்கிறேன் என்றதற்கும் ஒலி நின்றதற்கும் இடையில் முப்பி பேசியது ஏழு விநாடி. மூச்சு வாங்குவது கேட்கிறது. வசனம் இல்லை, யாரும் எழுதிக் கொடுக்கவில்லை. அவளே சொன்னது.

“வைக்காதீங்கய்யா. ஒரு தடவதான் பாக்கி. வெக்கப்படாம கேளுங்க, நான் இங்கனதான் இருக்கேன்.”